கிளப்பியின் பெயரில்

மார்ச் 3, திங்கள்

இன்றும் கூட்டத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கும் சேர்த்து மேனேஜர் வத்சன் சார் மேல்தான் கோபம் வருகிறது.

எங்கள் கம்பெனி பால் சங்கங்களுக்கு ஒரு பெட்டி செய்து தருகிறது. ஊற்ற வருபவர்களின் பாலை ஒரு கருவி சோதித்து டிகிரி சொல்லும். தண்ணீர் கலந்திருந்தால் டிகிரி இறங்கிவிடும். எங்கள் பெட்டி அந்த எண்ணை வாங்கித் திரையில் காட்டும், பதிந்து வைக்கும், சீட்டு அடித்துக் கொடுக்கும். அறுநூற்றுப் பத்துச் சங்கங்களில் இருக்கிறது. உள்ளே ஓடுவது நாங்களே ஒட்டிச் சேர்த்த லினக்ஸ். சுவிட்ச் போட்டதும் எதை முதலில் எழுப்புவது, எதைப் பிறகு எழுப்புவது என்று பார்த்துக்கொள்ளும் நிரலுக்குப் பெயர் கிளப்பி. பத்து வருடம் முன்பு இங்கே வேலை பார்த்த யாரோ விளையாட்டாக வைத்த பெயர். கிளப்பி ஒவ்வொன்றாகத்தான் எழுப்பும். ஒருவன் எழுந்து பல் தேய்த்து முடிக்கும் வரை அடுத்தவனைத் தொடாது. எல்லாம் முடிய நான்கு நிமிடம்.

அதற்குப் பதிலாக ஒன்பது மாதமாக நான் எழுதியதன் பெயர் விசை. எல்லாரையும் ஒரே தட்டில் எழுப்பிவிடும். முப்பத்தைந்து விநாடி.

இன்று சார் சொன்னார்: "விசைங்கற பேரு வேண்டாம். கிளப்பிங்கற பேர்லயே அனுப்பிடலாம். கிளப்பி, அடுத்த பதிப்பு. அவ்ளோதான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

மார்ச் 5, புதன்

பழைய கிளப்பி எவ்வளவு மெதுவானது என்று பால் சங்கங்களின் ஒன்றியத்துக்குப் படம் காட்ட வேண்டுமாம். விடியற்காலை என்னைக் கரட்டுப்புதூர் சங்கத்துக்கு வண்டியில் அனுப்பினார்கள்.

செயலாளர் நாச்சிமுத்து சுவிட்சைப் போட்டுவிட்டு நகர்ந்தார். "நாலு நிமிசம் ஆகுமுங்க. அதுக்குள்ள நான் கேனைக் கழுவிப்போட்டு வந்துருவனுங்க." வாசலில் வரிசை. முதலாவதாக ஒரு அக்கா, நாற்பது வயதிருக்கும், மில் சீருடை மேல் துண்டு போட்டுக்கொண்டு. பெயர் மாராத்தாள். தினமும் அவர்தான் முதல் என்று நாச்சிமுத்து சொன்னார். ஆறு மணி மில் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமாம்.

"ஏனம்மிணி, படம் புடிக்கறயா? என்ற மூஞ்சி எதுக்கு, மாட்டு மூஞ்சியப் புடி. அதுதான பாலு குடுக்குது."

வரிசையில் சிரித்தார்கள். பெட்டி இனி சீக்கிரம் எழும் என்று மெல்லச் சொன்னேன். "வரட்டும் வரட்டும். பஸ்ஸுக்காரன் எனக்கோசரம் நிக்க மாட்டான்" என்றார்.

நான்கு நிமிடமும் விடாமல் படம் பிடித்தேன். சோதனைக் கருவியின் சிவப்பு விளக்கு மூன்றாவது நிமிடம்தான் பச்சையானது. அதுவும் தெளிவாக விழுந்திருக்கிறது.

திரும்பி வந்தால் விடுதியில் தண்ணீர் நின்றுவிட்டது. ஒரு வாளியில் குளித்து, அதே தண்ணீரில் துப்பட்டாவை அலசினேன்.

மார்ச் 7, வெள்ளி

பெயர்தானே என்கிறார்கள். பெயர்தானே இல்லை.

எங்கள் முறையில் ஒரு மென்பொருள் தொகுப்பு பழைய பெயரிலேயே வந்தால் பெட்டி யாரையும் கேட்காது. இரவில் தானே இறக்கி, பழையதை அழித்து, புதியதை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளும். புதுப் பெயரில் வந்தால் சங்கத்தில் ஒருவர் திரையில் படித்து 'சரி' என்று அழுத்த வேண்டும். அழுத்திய பிறகும் பழையது பக்கத்திலேயே இருக்கும். பிடிக்காவிட்டால் அதற்கே திரும்பலாம். ஒரே பெயரில் இரண்டு இருக்க முடியாது. விசை கிளப்பியின் பெயரில் போனால் கிளப்பிக்கு இந்த உலகத்தில் இடமே கிடையாது.

சாருக்கு மெயில் எழுதினேன். மூன்று காரணங்கள். ஒன்று, கேட்காமல் மாற்றுகிறோம். இரண்டு, திரும்ப வழியில்லை. மூன்று, அந்த நான்கு நிமிடத்தை நம்பிப் பெட்டியோடு இணைந்த வேறு எதுவும் இருக்கிறதா என்று சங்கங்களில் வைத்துப் பார்க்க வேண்டும், உதாரணமாகச் சோதனைக் கருவி. நல்ல மெயில். இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை.

மார்ச் 10, திங்கள்

காரணம் இன்று தெரிந்தது. ஒன்றியத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் புது மென்பொருள் என்றால் பத்துச் சங்கங்களில் ஒரு மாதம் வைத்துப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே இருப்பதன் திருத்தம் என்றால் எதுவும் தேவையில்லை. சார் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். ஒன்றியத் தலைவர் பதினான்காம் தேதி அலுவலகத்துக்கு வருகிறார். அதற்குள் அறுநூற்றுப் பத்தும் முப்பத்தைந்து விநாடியில் எழ வேண்டும்.

என் மூன்று காரணங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மதிக்கவே இல்லை. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஆனால் இந்த அறையில் யாருக்கும் நான் ஒரு நாற்காலிதான்.

கடைசியில் சார், "தொகுப்புல பொறுப்பாளர்ங்கற இடத்துல கோகிலவாணி பேரைப் போடுங்க. அவ எழுதினதுதானே" என்றார்.

இதுவரை அந்த இடத்தில் எப்போதும் சாரின் பெயர்தான் இருந்தது. சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "பேரு போடுவாங்களா? எங்க, போர்டுலயா?" என்று கேட்டாள். அந்த மாதிரிதான் என்றேன். அப்பா பனியன் கம்பெனியில் மூட்டை ஏற்றிவிட்டு வந்து தூங்கிவிட்டாராம். எழுப்பிச் சொல்கிறேன் என்றாள்.

மார்ச் 12, புதன்

அனுப்பியாகிவிட்டது. கிளப்பி, அடுத்த பதிப்பு. பொறுப்பாளர்: கோகிலவாணி.

மார்ச் 14, வெள்ளி

தலைவர் வந்தார். சார் சுவிட்சைப் போட்டு விநாடி எண்ணிக் காட்டினார். தலைவர் கை தட்டினார். நான் பின்னால் தண்ணீர் பாட்டில்களுக்குப் பக்கத்தில் நின்றேன்.

மார்ச் 17, திங்கள்

பக்கத்து இருக்கை பெனாசிர்தான் சங்கங்களிலிருந்து வரும் போன்களை எடுப்பவள். காலையிலிருந்து முப்பத்தொரு போன். எல்லாம் ஒரே மாதிரி. டிகிரி குறைகிறது, பெட்டியில் ஏதாவது மாற்றினீர்களா என்று கேட்கிறார்கள்.

அவள் திரையில் அந்தச் சங்கத்தின் பெட்டியைத் திறப்பாள். தொகுப்புகளின் பட்டியல் வரும். போன மாதம் இருந்த அதே பெயர்கள், அதே வரிசை. "எதுவும் மாறலைங்ண்ணா. புதுசா ஒண்ணும் ஏறலை. பாலைப் பாருங்க" என்பாள். அடுத்த போன்.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தபடி சொன்னாள்: "வெயில் ஆரம்பிச்சிருச்சு கோகி, ஊரே தண்ணி ஊத்துது. அதுல ஒரு கூத்து கேளு. எல்லா ஊர்லயும் காலைல மொதல்ல வர்ற ஆளுதான் ஊத்துதாம். பின்னாடி வர்றவங்க எல்லாம் யோக்கியம்."

என் டிபனை மூடி வைத்தேன். "காலைல மட்டுமா?" என்றேன்.

"காலைல மட்டுந்தான். ஏன், உனக்கு என்ன ஆச்சு?"

தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

அலுவலகம் திறக்கும் முன் போனேன். கீழே பேக்கரி அண்ணனிடம் காய்ச்சாத பால் ஒரு டம்ளர் கேட்டேன். "பச்சப் பாலா? பூனை வளக்கறீங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

ஏசி அறையில் இரவெல்லாம் அணைந்து கிடந்த சோதனைக் கருவியையும் பெட்டியையும் சேர்த்துப் போட்டேன். முப்பத்தைந்து விநாடியில் பெட்டி தயார். கருவியில் இன்னும் சிவப்பு விளக்கு. பெட்டிக்கு விளக்கு தெரியாது. 'எண் கொடு' என்று கேட்டது. கருவியும் கொடுத்தது: 22. மூன்று நிமிடம் கழித்து அதே டம்ளர், அதே பால்: 28.

கருவி சூடாக மூன்று நிமிடம் வேண்டும். பகலில் அதை அணைப்பதில்லை, அதனால்தான் மாலையில் எண் சரியாக வருகிறது. கிளப்பி நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டதால் பத்து வருடமாக யாரும் 'சூடாகும் வரை காத்திரு' என்று ஒரு வரி எழுத வேண்டிய அவசியமே வரவில்லை. நான் நான்கு நிமிடத்தை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

மூன்று முறை செய்து பார்த்தேன். பாலைத் தொட்டியில் கொட்டி, டம்ளரைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மார்ச் 19, புதன்

கரட்டுப்புதூரிலிருந்து போன். பெனாசிர் டீ குடிக்கப் போயிருந்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன்.

"நாச்சிமுத்து பேசறனுங்க. பொட்டி நல்லாருக்குதுன்னு போன்ல அந்தப் புள்ள சொன்னது நெசந்தானுங்களா? இங்க ஒரே ரோதனைங்க. மாராத்தாள்னு ஒருத்திங்க, ஏழு நாளா இருபத்திரண்டு, இருபத்திமூணுன்னே வருது. மூணு நாளைக்கு மேல கொறஞ்சா பேரைப் பலகையில எழுதோணும், அது சங்கத்து வழக்கம். எழுதிப்போட்டங்க. கேனைத் தூக்கி எறிஞ்சுபோட்டு, ஊரையே பேசிப்போட்டுப் போறா. ஞாயித்துக்கெழம காத்தால கூட்டம். உறுப்பினர்ல இருந்து நீக்கறாப்புல இருக்குதுங்க. பொட்டி சரியா இருக்குதுன்னு ஒரு வார்த்த எழுதிக் குடுத்தீங்கன்னா எங்களுக்கு மனசு ஆறும்."

"பாத்துச் சொல்றங்க" என்றேன்.

பார்த்துச் சொல்வதற்கு என்ன இருக்கிறது. அப்போதே சொல்லியிருக்கலாம். போனை வைத்த பிறகும் சார் மேல்தான் கோபம் வந்தது.

மார்ச் 20, வியாழன்

சாரின் அறைக்குள் நானாகப் போனது இதுதான் முதல் தடவை. டம்ளர் சோதனையைச் சொன்னேன். உட்காரச் சொன்னார். கவனமாகக் கேட்டார். அதுதான் இன்னும் எரிச்சல்.

"சரி. மூணு நிமிஷம் வெயிட் பண்ணுன்னு ஒரு வரி சேர்த்துடு. நாளைக்கு அனுப்பிடலாம்."

"அதே பேர்லயா சார்?"

"வேற எந்தப் பேர்ல? இங்க பாரும்மா, இப்ப போயி நாங்க ஒண்ணு மாத்தினோம்னு சொன்னா ஒப்பந்தம் என்ன ஆகும்? நாப்பது பேர் வேலை பாக்கற இடம். தப்பு நடந்தது, சரி பண்றோம். யாருக்கும் தெரிய வேண்டாம்."

"நான் முன்னாடியே..." என்று ஆரம்பித்தேன்.

"முன்னாடியே என்ன? நீ ஒண்ணும் சொல்லலையேம்மா. மூணு கூட்டம் நடந்தது. பொறுப்பாளர் நீதான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா?"

கேட்டிருக்க மாட்டார். அது எனக்குத் தெரியும்.

மார்ச் 20, இன்னும்

மெயிலை அனுப்பவில்லை. ஏழாம் தேதியிலிருந்து வரைவிலேயே கிடக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

அந்த ஒரு வரியைக் காலையில் பத்து நிமிடத்தில் எழுதிவிட்டேன். அனுப்ப வேண்டியதுதான். விரலை வைத்தேன். எடுத்துவிட்டேன்.

நாளை காலை மாராத்தாளின் பால் 28 காட்டும். அறுநூற்றுப் பத்து ஊர்களிலும் முதலில் வந்தவர்களுக்கெல்லாம் டிகிரி ஏறிவிடும். பலகையில் பெயர் எழுதிய பிறகு ஏறும். ஊர் என்ன சொல்லும்? பார்த்தாயா, மாட்டிக்கொண்டதும் தண்ணீரை நிறுத்திவிட்டாள். அதுவரை சந்தேகமாக இருந்தது இனி நிரூபணமாகிவிடும். பட்டியலைத் திறந்தால் கிளப்பி, கிளப்பி, கிளப்பி. எதுவும் மாறவில்லை, அவள்தான் மாறினாள். என் ஒரு வரி அவளைத் திருடி என்று முத்திரை குத்தும். அதுவும் எந்தப் பிழையும் இல்லாத வரி.

இதைச் சாரிடம் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். "அது அந்த ஊர்ப் பிரச்சினை" என்றார்.

பெனாசிரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். வரைவு மெயிலையும் காட்டினேன். படித்துவிட்டு அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத விருப்பமில்லை. "நான் எத்தனை பேரைப் பாலைப் பாருங்கன்னு சொல்லிருக்கேன் தெரியுமாடி? எண்பத்தி ஏழு பேரை. ஒவ்வொருத்தரும் என்னை நம்பிப் போனை வச்சாங்க. நீ பக்கத்துல ஒக்காந்து கீ போர்டைத் தட்டிட்டிருந்த" என்றாள். பிறகு, "அனுப்பற அதிகாரம் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டாள்.

"பொறுப்பாளர்கிட்ட."

"அப்பறம் என்ன மயித்துக்கு என்கிட்ட அழுவுற?"

சாயங்காலம் ஐந்து மணிக்கு அனுப்பினேன். பழைய நிரலைத் தூசி தட்டி எடுத்து, கிளப்பி என்ற பெயரை அதற்கே கொடுத்தேன். நான்கு நிமிடம், பல் தேய்க்கும் வரை காத்திருக்கும் அந்தப் பழைய சோம்பேறி. நான் எழுதியதை விசை என்று தனியாக வைத்தேன், யாராவது கேட்டாலொழிய எங்கும் போகாது. கூடவே 'அறிவிப்பு-மார்ச்' என்று ஒரு சின்னத் தொகுப்பு. புதுப் பெயர் என்பதால் பெட்டி கேட்கும். செயலாளர் படித்து 'சரி' அழுத்தாமல் முதல் பாலை வாங்க முடியாது. அதில் எழுதியது:

மார்ச் 12 அன்று இந்தப் பெட்டியைத் துவக்கும் நிரலை உங்களிடம் சொல்லாமல் மாற்றினோம். பெயரை மாற்றவில்லை, அதனால் உங்களுக்குத் தெரியவில்லை. அன்றிரவு முதல் இன்று வரை, காலையில் முதலில் ஊற்றியவர்களின் டிகிரி தவறாகக் குறைந்து பதிவாகியிருக்கிறது. பால் தவறு இல்லை. தவறு எங்களுடையது. பொறுப்பாளர்: கோகிலவாணி.

என் கைபேசி எண்ணையும் போட்டேன்.

மார்ச் 22, சனி

விடிந்ததிலிருந்து போன். இருநூறு வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். முதல் பத்துப் பேரிடம் குரலே வரவில்லை. பதினோராவது ஆள், "என்னம்மா எலியாட்டக் கீச்சுங்கற, எங்க ஊர்ல ஒருத்தன் இதுக்காகப் பொண்டாட்டிய அடிச்சுப்போட்டான் தெரியுமா?" என்றார். அதற்குப் பிறகு குரல் வந்தது. எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன்.

சார் காலை எட்டு மணிக்கு ஒரு முறை கூப்பிட்டார். "திங்கக்கிழமை வரவேண்டாம். லேப்டாப்பைப் பெனாசிர்கிட்ட குடுத்துடு." வேறு ஒன்றும் கேட்கவில்லை. கத்துவார் என்று தயாராக இருந்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

நாச்சிமுத்தும் கூப்பிட்டார். "படிச்சனுங்க. பேரை அழிச்சுப்போட்டேன். பொட்டி ரிப்பேருன்னு சொல்லி முடிச்சுக்கறேன், கூட்டமெல்லாம் எதுக்கு" என்றார்.

"ரிப்பேர் இல்லைங்க" என்றேன். "நான் வர்றேன்."

அம்மாவிடம் வேலை போனதைச் சொல்லவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். கூட்டம் என்பதால் சங்க வாசலில் நாற்பது ஐம்பது பேர், கையில் கேனும் தூக்குமாக. பலகையில் சுண்ணாம்புக்கட்டி எழுத்தை ஈரத் துணியால் துடைத்த தடம். பெயர் போய்விட்டது, இருந்த இடம் மட்டும் மற்ற இடத்தைவிடக் கறுப்பாக இருந்தது.

மாராத்தாள் வரிசையில் இல்லை. எதிரில் வேப்ப மரத்தடியில், புதுக் கேனைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். யாரும் அவர் பக்கம் போகவில்லை.

நாச்சிமுத்து தொண்டையைக் கனைத்தார். "பொட்டியில சின்னக் கோளாறு. கம்பெனில இருந்தே வந்துட்டாங்க. அதனால ஒண்ணும்..."

"அவிய சொல்லட்டும்" என்றார் மாராத்தாள், நகராமல். "பலகையில எழுதுறப்ப ஊருக்கே தெரியற மாதிரித்தான எழுதுனீங்க. அழிக்கறத மட்டும் எதுக்குக் காதுக்குள்ள சொல்றீங்க? எழுதுன புள்ள சொல்லட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன். பின்னாலிருந்து ஒருவர், "கேக்கலை அம்மிணி, சத்தமாச் சொல்லு" என்றார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். பன்னிரண்டாம் தேதி மாற்றினோம். சொல்லாமல் மாற்றினோம். கருவி சூடாகும் முன்னே எண்ணை வாங்கிவிட்டது. யார் முதலில் வந்திருந்தாலும் குறைத்துத்தான் காட்டியிருக்கும்.

"நீங்க மொதல்ல நின்னிருந்தா நீங்க" என்று, சத்தமாகச் சொல்லச் சொன்னவரைக் காட்டினேன். அவர் தூக்குவாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

மாராத்தாள் கேனைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"அன்னைக்குப் படம் புடிக்க வந்தவதான நீயி? அந்தச் சிவப்பு வெளக்கு பச்சையாகறதையும் புடிச்ச. பாத்தனே. இது இப்படி ஆகும்னு உனக்கு முன்னமே தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சோதனை செய்த பிறகுதானே நிச்சயமாயிற்று. சந்தேகம் வேறு, தெரிவது வேறு. பஸ்ஸில் வரும்போது இதற்கான பதில்களையெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன்.

"தெரியும்" என்றேன். "எழுதி வெச்சேன். சொல்லலை."

"ஏன்?"

"பயம்."

"யாரு, உங்க மொதலாளியா? வெட்டிப்போடுவானா?"

"இல்லைங்க."

மாராத்தாள் கேனோடு வரிசையின் முன்னால் போனார். முதலில் நின்றிருந்த ஆள் தானாக ஒதுங்கிக்கொண்டார். நாச்சிமுத்து பெட்டியைப் போட்டு நான்கு நிமிடம் ஆகியிருந்தது. பாலை எடுத்துக் கருவியில் வைத்தார். திரையில் எண் வந்தது. சீட்டு அடித்து வெளியே வந்தது. அதைக் கிழித்து நீட்டினார்.

மாராத்தாள் வாங்கவில்லை.

"படிங்க" என்றார்.

"இருபத்தெட்டு" என்றார் நாச்சிமுத்து.

"அவியளுக்குக் கேக்கலையாமா."

"இருபத்தெட்டுங்க."

மாராத்தாள் திரும்பி வரிசையை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசி ஆள் வரை பார்த்து முடிக்கும்வரை யாரும் அசையவில்லை.

"கொறச்சு எழுதுன ஒம்பது நாளு இன்னும் பாக்கி இருக்குது" என்றார். "அதையும் படிங்க."